மாவுக்கு எடுத்த எக்ஸ்ரே

எங்கள் ஆலையின் மாவைப் பற்றி மூன்று தலைமுறையாக யாரும் குறை சொன்னதில்லை. குறை சொல்ல வேண்டிய வருஷம் வந்தபோது அதை நானே சொன்னேன். என்னைச் சொல்ல வைத்தவள் ஹாதிஜே என்கிற பெண், நகரத்து ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். அவளுக்கு நேரில் நன்றி சொல்லியிருக்கிறேன். ஆனால் அது நாலு வார்த்தையில் முடிந்துவிட்டது. எங்கள் வீட்டு ஆண்களுக்கு அதற்கு மேல் வராது. அதனால் எழுதி வைக்கிறேன்.

என் பெயர் பிரெங். வடக்கு அல்பேனிய மலையில், ஓடை இரண்டாகப் பிரியும் இடத்தில் எங்கள் தண்ணீர் ஆலை இருக்கிறது. சர்க்கார் பிடுங்கி வைத்திருந்த நாற்பது வருஷம் போக மற்ற காலமெல்லாம் அது எங்களுடையதுதான். நாற்பத்தொரு வீடுகள் எங்களிடம் சோளம் அரைக்கின்றன. என் மனைவி இறந்துபோய் ஆறு வருஷம் ஆகிறது. மகன் மெஹில் இத்தாலியில் கட்டட வேலை செய்கிறான். வீட்டில் நானும் மருமகள் த்ரானாவும் மட்டும்தான்.

என் முட்டிகள் மடங்க மறுத்த பிறகு ஆலையை அவளிடம் விட்டேன். பெண்பிள்ளை ஆலை ஓட்டுவதா என்று சிலர் முணுமுணுத்தார்கள். என் வீட்டில் யார் எதை ஓட்டுவது என்று நான் யாரையும் கேட்பதில்லை. அவள் என்னைவிட நன்றாகவே ஓட்டினாள். ஒவ்வொரு மூட்டை அரைக்கும்போதும் முதலில் விழும் மாவை நாக்கில் வைத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். கல் சூடேறிவிட்டால் மாவு கசக்கும். உடனே தண்ணீரைக் குறைக்க வேண்டும். நான் ஒரு மூட்டைக்கு ஒரு தடவை பார்ப்பேன். அவள் பத்துத் தடவை பார்ப்பாள். அவ்வளவு அக்கறை.

ஈஸ்டர் கழிந்ததிலிருந்து அவள் முகம் வெளுக்க ஆரம்பித்தது. வயிற்றை முறுக்கிப் பிடித்துக்கொண்டு ஆலைச் சுவரில் சாய்ந்து நிற்பாள். கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். வயிற்றைப் பற்றி மருமகள் மாமனாரிடம் சொல்லக் கூசும் விஷயங்கள் உண்டு. அவளும் சொல்லவில்லை, நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதே முறுக்கு எனக்கும் இருந்தது, ஈஸ்டருக்கு முந்திய நோன்புக் காலத்திலிருந்தே. வலி வரும்போது ஓடைப் பக்கம் போய்க் கல்லில் உட்கார்ந்து பல்லைக் கடிப்பேன். என் அப்பா உடைந்த விலா எலும்போடு ஒரு பருவம் முழுக்க அரைத்தவர். வயிற்று வலி என்று வாயைத் திறக்க எனக்கு வெட்கம். நான் அன்றே வாயைத் திறந்திருந்தால் இந்தக் கதை அரைப் பக்கத்தில் முடிந்திருக்கும்.

ஜூன் மாதம் ஒருநாள் காலை அவள் மாவுத் தொட்டியின் மேலேயே சாய்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரனின் வேனில் ஏற்றினோம். வேனில் நகரத்துக் கடைக்குப் போக வேண்டிய எங்கள் மாவுப் பைகள் ஏற்கெனவே இருந்தன. இரண்டு மணி நேரப் பாதையில் ஒவ்வொரு வளைவிலும் அவள் முனகினாள். வயிறு பலகை போல இறுகியிருந்தது.

அறுவை மருத்துவர் காஸ்மெந்த் சின்ன வயது, தூங்காத கண்கள். வயிற்றைத் தொட்டதும் எக்ஸ்ரேவுக்கு அனுப்பினார். அங்கேதான் ஹாதிஜேயை முதலில் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும். ஆடைக்கு மேல் கனமான கவசத்தை மாட்டிக்கொண்டு மனிதர்களை மூட்டையைப் போலப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஆனால் த்ரானாவைப் படுக்க வைப்பதற்கு முன் அந்தச் சில்லிட்ட மேஜைமேல் தன் கம்பளிச் சால்வையை மடித்து விரித்தாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. அது என் மனதைத் தொட்டது. நாங்கள் யாரிடமும் இலவசமாக எதையும் பெற்றுக்கொள்பவர்கள் அல்ல. வேனுக்குப் போய் ஐந்து கிலோ மாவுப் பை ஒன்றைக் கொண்டுவந்து அவள் அறை வாசலில் வைத்தேன். எங்கள் ஆலை மாவு என்றேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, நாற்காலிக்குப் பின்னால் பத்திரமாக வைத்தாள்.

படம் வந்தது. த்ரானாவின் குடல் முழுக்க வெள்ளைப் புள்ளிகள், கைப்பிடி தினையை இறைத்தது போல. மருத்துவர் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு நடையில் என் எதிரே வந்து நின்றார். அதற்குள் த்ரானாவின் அண்ணன் பாஷ்க் செய்தி கேட்டு வந்து சேர்ந்திருந்தான். என் எதிர்ப் பலகையில், கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான்.

"வீட்டுல ஏதாவது மனக்கசப்பா?" என்று மருத்துவர் கேட்டார். "இந்தப் பொண்ணு வேணும்னே எதையாவது முழுங்கியிருக்குமா?"

என் வாழ்நாளில் யாரும் என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. மருமகள் சாக நினைத்து எதையாவது விழுங்கினாள் என்றால் அந்த வீட்டுப் பெயர் அன்றோடு முடிந்தது. எங்கள் மலையில் பழிக்குப் பழி வாங்க அவளுடைய அண்ணன்மாருக்கு அதற்கு மேல் காரணம் எதுவும் தேவையில்லை. பாஷ்க் என்னைப் பார்த்தான்.

"பெரியவரே," என்றான் மெதுவாக, "எங்க வீட்டுல இருபத்திரண்டு வருசம் இவளுக்குத் தலைவலின்னுகூட ஒண்ணு வந்ததில்ல. உங்க வீட்டுல இவளுக்கு எதைத் தின்னக் குடுத்தீங்க?"

"நான் தின்ன ரொட்டியத்தான் அவளும் தின்னா," என்றேன்.

சத்தியமான வார்த்தை. எவ்வளவு சத்தியம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

குடலில் அடைப்பு இருக்கிறது, மறுநாள் காலை எட்டு மணிக்கு வயிற்றைத் திறக்க வேண்டும் என்றார் மருத்துவர். அவள் உடம்பில் ரத்தம் பாதிதான் இருக்கிறது, தாங்குவாளா என்று சொல்ல முடியாது என்றும் சொன்னார். பாஷ்க் காகிதத்தில் கையெழுத்துப் போட்டான். மெஹில் ஊரில் இல்லாததால் நானும் போட்டேன்.

மதியம் ஹாதிஜே கதவைத் திறந்து என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டாள். படம் கழுவும் மருந்தின் நெடி மூக்கைக் குத்தியது. விளக்கு எரியும் கண்ணாடியில் த்ரானாவின் படம் தொங்கியது.

"ஐயா, இந்த மூலையில ஒரு எழுத்து தெரியுதா?" என்றாள். "வலது பக்கம் எதுன்னு தெரியறதுக்காக ஒவ்வொரு படத்துலயும் இதை வைப்போம். காரீயத்துல செஞ்ச எழுத்து. எலும்பைப் பாருங்க, அதுவும் வெள்ளைதான், ஆனா மோர் மாதிரி வெள்ளை. இந்த எழுத்து சுண்ணாம்பு மாதிரி பளிச்சுன்னு இருக்குல்ல? இப்ப அந்தப் புள்ளிங்களப் பாருங்க."

பார்த்தேன். அந்த எழுத்தை நொறுக்கித் தூவியது போல இருந்தது.

பதினெட்டு வருஷமாகத் தினமும் அந்த எழுத்தைப் பார்ப்பதாகவும், அந்த வெள்ளையைத் தூக்கத்தில்கூடத் தன்னால் அடையாளம் சொல்ல முடியும் என்றும் சொன்னாள். மருத்துவரிடம் சொல்லியிருக்கிறாள். எந்த உலோகமும் படத்தில் வெள்ளையாகத்தான் தெரியும், ஒரு சந்தேகத்தை வைத்துக்கொண்டு அடைப்பை விட்டுவைக்க முடியாது என்று அவர் சொல்லிவிட்டாராம். பிறகு என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டாள். வீட்டில் பழைய பேட்டரி உடைக்கிறீர்களா? மெருகு பூசிய மண்பானையில் ஊறுகாய் போடுகிறீர்களா? வேறு யாருக்காவது வயிற்று வலி உண்டா?

எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன்.

ஆனால் அவள் காரீயம் என்ற சொல்லைச் சொன்னபோதே எனக்கு எங்கள் ஆலைக் கல் நினைவுக்கு வந்துவிட்டது. அந்த வருஷம் ஜனவரியில் எங்கள் ஆலையின் மேல்கல் ஆட ஆரம்பித்தது. கல்லின் நடுவில் இரும்புக் குறுக்கு ஒன்று பதிந்திருக்கும். என் தாத்தா அதைச் சுற்றிக் கெட்டி மரத்தில் ஆப்பு அடிப்பார், வருஷா வருஷம் மாற்றுவார். எனக்கு முட்டி வலி, பொறுமையும் இல்லை. தொண்ணூற்றேழில் சர்க்கார் ஆயுதக் கிடங்குகளை ஜனங்கள் உடைத்தபோது எல்லா வீட்டையும் போல எங்கள் வீட்டுக்கும் ஒரு பெட்டி துப்பாக்கித் தோட்டா வந்திருந்தது. ஆறு வருஷமாகப் பரணில் கிடந்தது. அவற்றை உடைத்து, உள்ளே இருந்த காரீயத்தை உருக்கி இரும்பைச் சுற்றி ஊற்றினேன். மீந்ததை வீணாக்காமல் கல்லின் அரைக்கும் முகத்தில் இருந்த பள்ளங்களிலும் ஊற்றித் தேய்த்துவிட்டேன். கல் அசையாமல் நின்றது. இனி என் ஆயுசுக்கும் கவலையில்லை என்று பெருமைப்பட்டேன். த்ரானாவிடம்கூடச் சொல்லவில்லை.

அந்தப் பள்ளங்களில் ஊற்றிய காரீயம் ஆறு மாதமாக மாவில் கரைந்துகொண்டிருந்தது.

இதையெல்லாம் அந்த அறையில் நின்றபடி ஒரே மூச்சில் புரிந்துகொண்டேன். புரிந்தும் வாய் திறக்கவில்லை. வெளியே பாஷ்க் உட்கார்ந்திருந்தான். மலையில் நாற்பத்தொரு வீடுகள் என் மாவைத் தின்றன. என் அப்பா பெயர், தாத்தா பெயர் எல்லாம் அந்த மாவில்தான் இருந்தது. மருத்துவர் படித்தவர், அவர் வயிற்றைத் திறந்து பார்த்துக்கொள்வார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதைவிடக் கேவலமாக நான் எதையும் நினைத்ததில்லை.

நான் அந்த அறையில் கிடந்த பலகையிலேயே உட்கார்ந்திருக்க, இரண்டு மணிக்கு ஹாதிஜேயின் வேலை நேரம் முடிந்தது. கவசத்தைக் கழற்றி ஆணியில் மாட்டினாள், கை கழுவினாள், சால்வையைப் போர்த்திக்கொண்டாள். நாற்காலிக்குப் பின்னாலிருந்து மாவுப் பையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"இதுக்கு உங்களுக்கு ரொம்ப நன்றிங்கய்யா," என்றாள். "என் பொண்ணுங்க ரெண்டு பேருக்கும் சோள ரொட்டின்னா உயிரு. கடையில வாங்குனா தொட மாட்டாளுங்க. போன உடனே சுட்டுக் குடுத்துடறேன்."

கதவு வரை போய்விட்டாள். நான் எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. என் கை பையின் காதைப் பிடித்திருந்தது.

"என்னங்கய்யா, மனசு மாறிடுச்சா?" என்று சிரித்தாள்.

"அதைக் குடும்மா."

எங்கள் வீடு கொடுத்ததைத் திரும்பக் கேட்டது அதுதான் முதல் தடவை. என் காது எரிந்தது. அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கெட்டுப்போன மாவா?"

"மாவு நல்ல மாவு. நான்தான் கெடுத்தேன்," என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், தோட்டாக்களிலிருந்து என் வயிற்று வலி வரை.

அவள் என்னைத் திட்டவில்லை. தன் பிள்ளைகளுக்குப் போக இருந்ததை நினைத்தாளோ என்னவோ, ஒரு நிமிஷம் கதவில் கை வைத்து நின்றாள். பிறகு சால்வையைக் கழற்றிவிட்டு ஆணியிலிருந்து கவசத்தை மறுபடி எடுத்தாள்.

"நீங்க சொன்னா டாக்டர் கேப்பாரு. ஆனா கண்ணால பாத்தா கத்தியக் கீழ வெச்சுடுவாரு. சட்டையக் கழட்டுங்க."

எனக்கு எழுபத்தொரு வயது. என் மனைவியைத் தவிர எந்தப் பெண் முன்னாலும் நான் சட்டையைக் கழற்றியதில்லை. பொத்தானைப் பிடித்தபடி நின்றேன்.

"ஐயா, நான் ஒரு நாளைக்கு நாப்பது வயிறு பாக்குறேன்," என்றாள். "உங்க வயிறு ஒண்ணும் அவ்ளோ அதிசயம் இல்ல. படுங்க."

படுத்தேன். சால்வையை எனக்கும் விரித்தாள். என்னை எடுத்து முடித்ததும் அதே மேஜையில் மாவுப் பையைப் படுக்க வைத்தாள். அதன் பக்கத்திலும் அந்தக் காரீய எழுத்தை வைத்தாள், மனிதனுக்கு வைப்பது போலவே.

கால் மணி நேரத்தில் மூன்று படங்களும் கண்ணாடியில் வரிசையாக ஈரம் சொட்டத் தொங்கின. த்ரானாவின் குடலில் தினை. என் குடலிலும் தினை, கொஞ்சம் குறைவாக. மாவுப் பையின் சாம்பல் நிறத்துக்குள் அங்கங்கே அதே புள்ளிகள். படிக்காதவனுக்கும் புரியும்.

மருத்துவர் வந்தார். மூன்றையும் பார்த்தார். என் உதட்டைத் தூக்கிக் குதிரைக்குப் பார்ப்பது போல ஈறைப் பார்த்தார். நீலக் கோடு ஓடியிருந்ததாம். விடுவிடுவென்று வார்டுக்குப் போய் த்ரானாவின் ஈறையும் பார்த்துவிட்டு வந்தார். இது காரீய விஷம், குடல் அதனால்தான் முறுக்கிக்கொண்டு கிடக்கிறது, அடைப்பு கிடையாது என்றார். பிறகு பலகையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நாளைக்கு எட்டு மணிக்கு நான் அந்தப் பொண்ணு வயித்தத் திறந்திருப்பேன்," என்றார். "உள்ள ஒண்ணும் இருந்திருக்காது. அவ்ளோ கொஞ்ச ரத்தத்தோட அவ எந்திரிச்சிருப்பாளான்னும் தெரியாது." ஹாதிஜே பக்கம் திரும்பித் தலையைத் தாழ்த்தினார். அவளிடம் வேறு எதுவும் சொல்லவில்லை. அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான்.

பாஷ்க்கிடம் சொல்ல வேண்டியது நான். மருத்துவர் சொல்கிறேன் என்றார், வேண்டாம் என்றேன். நடைக்குப் போய் அவன் எதிரே நின்று, தோட்டாக் காரீயத்தைக் கல்லில் ஊற்றியதைச் சொன்னேன். உன் தங்கச்சிக்கு நான்தான் விஷம் கொடுத்தேன், தெரியாமல் கொடுத்தேன், ஆனால் காலையில் நீ கேட்டபோதும் உண்மையைத் தேடிப் பார்க்காமல் பதில் சொன்னேன் என்றேன். இனி நீ என்ன செய்தாலும் என் வீடு எதிர்த்து நிற்காது என்றும் சொன்னேன். எங்கள் மலையில் இப்படிச் சொல்வதற்கு என்ன பொருள் என்று அவனுக்குத் தெரியும்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"தோட்டாவா ஊத்துனீங்க?" என்றான் கடைசியில்.

"ஆமா."

"உங்க வயித்துலயும் அதுதான் இருக்கா?"

"இருக்கு. படத்துல தெரியுது."

அவன் தலையை நிமிர்த்தினான். "அப்புறம் நாங்க உங்களை என்னத்தச் சுடுறது மாமா? துப்பாக்கியே இல்லாம நீங்களே உங்களச் சுட்டுக்கிட்டீங்க."

அன்று முழுவதும் பெரியவரே என்று கூப்பிட்டவன் மாமா என்று கூப்பிட்டான்.

விஷத்தை இறக்கும் மருந்து தலைநகர் திரானாவில்தான் கிடைக்கும். பாஷ்க் அப்போதே கிளம்பினான். மறுநாள் எட்டு மணிக்கு வயிற்றில் கத்தி வைப்பதாக இருந்தவளின் கையில், பத்து மணிக்கு அந்த மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. குடலைக் கழுவவும் மருந்து கொடுத்தார்கள். எனக்கு ஆண்கள் வார்டில் அதே மருந்து. பாஷ்க் இரண்டு வார்டுக்கும் நடுவில் நடந்துகொண்டே இருந்தான். என்னைக் காட்டி, இவர் ஒரு பெட்டி தோட்டாவைத் தின்று செரித்தவர் என்று வார்டு முழுக்கச் சொல்லி வைத்தான். மூன்றாம் நாள் த்ரானா பசிக்கிறது என்றாள். கடையில் வாங்கிய கோதுமை ரொட்டியைத் தயிரில் தோய்த்துக் கொடுத்தார்கள்.

"இதெல்லாம் ஒரு ரொட்டியா மாமா," என்றாள் என்னைப் பார்த்து. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவளிடமும் சொன்னேன். எல்லோரையும்விட அவளிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவள் கோபப்படவில்லை. கல்லுக்குள் என்ன இருக்கிறது என்று தன்னிடம் சொல்லாமல் தன்னைக் கல்லிடம் விட்டதுதான் வருத்தம் என்றாள். அது நியாயம்.

உண்மை தெரிந்த அன்றே வேன்காரனிடம் சொல்லி அனுப்பினேன்: எங்கள் ஆலை மாவை ஊரிலும் கடையிலும் யாரும் தொட வேண்டாம், சொன்னது பிரெங். ஊருக்குத் திரும்பிய பிறகு நாற்பத்தொரு வீட்டுக்கும் கோலை ஊன்றிக்கொண்டு நடந்தேன். சில வீடுகளில் உட்காரச் சொன்னார்கள், சில வீடுகளில் கதவு திறக்கவில்லை. மேட்டு வீட்டுக் கிழவன் நூயே மட்டும் குலுங்கிச் சிரித்தான். "உங்கப்பன் எடை குறைச்சதே இல்ல," என்றான். "நீ காரீயத்தையும் சேத்துப் போட்டு எடையக் கூட்டியே குடுத்திருக்கே." பதினொரு பேருக்கு வயிற்று வலி இருந்தது. எல்லோரையும் வேனில் நகரத்துக்கு அழைத்துப் போனேன். ஹாதிஜே ஒருவர் விடாமல் படம் எடுத்தாள். மூன்று பேருக்கு மருந்து தேவைப்பட்டது. எல்லோரும் பிழைத்தார்கள்.

த்ரானாவுக்கு ஒன்பதாம் நாள் எடுத்த படத்தில் புள்ளிகள் குறைந்து கீழ்ப்பக்கம் இறங்கியிருந்தன. மூன்றாவது வாரம் எடுத்த படத்தில் ஒன்றுகூட இல்லை. ரத்தத்தில் தங்கியது போக இன்னும் மாதங்கள் ஆகும், ஆனால் பயம் போய்விட்டது என்றார் மருத்துவர். ஹாதிஜே அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எனக்குக் காட்டினாள். என் மருமகளின் முதுகெலும்பும் இடுப்பெலும்பும் மோர் வெள்ளையில் சுத்தமாக நின்றன. அப்போதுதான் அந்த நாலு வார்த்தை நன்றியைச் சொன்னேன்.

பழைய மேல்கல்லை ஆலையிலிருந்து இறக்கினோம். இலையுதிர் காலத்தில் புதுக் கல் வந்தது. இரும்பைச் சுற்றி மர ஆப்பு அடித்தோம், தாத்தா அடித்த மாதிரியே. த்ரானா பக்கத்தில் நின்று ஒவ்வோர் ஆப்பையும் கையால் தடவிப் பார்த்தாள். ஆலையை இனி வேறு யாரிடமாவது விடலாம் என்றேன். அவள் கேட்கவில்லை.

முதலில் அரைத்த மாவில் ஐந்து கிலோவைப் பையில் கட்டிக்கொண்டு நகரத்துக்குப் போனேன். ஹாதிஜே கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை.

"முதல்ல படம் எடும்மா," என்றேன். "அப்புறம் வாங்கிக்கோ."

மாவுக்கெல்லாம் ஃபிலிம் செலவழித்தால் தன்னை வேலையை விட்டுத் துரத்திவிடுவார்கள் என்றாள். நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூலையில் வெளிச்சம் பட்டு வீணான ஃபிலிம் துண்டு ஒன்று இருந்தது, அதில் நல்ல பாதியை வெட்டிப் போட்டாள். பையை மேஜையில் படுக்க வைத்து, பக்கத்தில் காரீய எழுத்தை வைத்தாள். கழுவித் தொங்கவிட்டதும் இருவரும் பார்த்தோம். விடியற்காலை மலைமேல் மூடுபனி நிற்பது போல ஒரே சாம்பல் நிறம். மூலையில் அந்த ஒரே ஓர் எழுத்து. வேறு ஒன்றும் இல்லை.

பையை அவளிடம் கொடுத்தேன். அவள் படத்தை என்னிடம் கொடுத்தாள்.

அது இப்போது எங்கள் ஆலை ஜன்னலில் இருக்கிறது. சோளம் கொண்டுவருகிறவர்கள் மூட்டையை இறக்குவதற்கு முன் அதைப் பார்க்கிறார்கள். கதவைத் திறக்காத வீடுகள்கூட ஒவ்வொன்றாக வந்துவிட்டன. த்ரானா முதல் பிடி மாவை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, அதே பழக்கத்தில் ஜன்னலையும் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறாள்.